கரை மேல ஒரு பாதை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஐயப்பன்தாங்கல் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில பேசுறது எனக்கு இது ரெண்டாவது தடவை. முதல் தடவை கை நடுங்கி பேப்பர் கீழே விழுந்து, எங்க குழு ஊக்குநர் அக்காதான் எடுத்துக் கொடுத்தாங்க. இந்தத் தடவை ரெண்டு கையாலயும் கெட்டியா புடிச்சிருக்கேன்.

போன மாசக் கூட்டத்துல, "ஆண்டு விழாவுல நீ எதப் பத்திப் பேசப் போற?"ன்னு கேட்டாங்க. சைக்கிள் பத்தின்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. "சேமிப்பு பத்திப் பேசு, கடன் பத்திப் பேசு, சைக்கிளுக்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம்?"னு ஒரு அக்கா கேட்டாங்க. சம்பந்தம் இருக்குக்கா. பத்து நிமிசம் பொறுத்துக்கிட்டுக் கேளுங்க.

நான் பொறந்தது குன்றத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊர். செம்பரம்பாக்கம் ஏரியோட உபரித் தண்ணி போற கால்வாய் எங்க ஊர் வழியாத்தான் போகும். போய் அடையாத்துல சேரும். எங்க அப்பா கீரை போட்டிருந்தாரு. விடியக்காலைல கீரைக்கட்டை சைக்கிள் கேரியர்ல கட்டிக்கிட்டு, கால்வாய்க் கரை மேலயே குன்றத்தூர் மார்க்கெட்டுக்குப் போவாரு. லீவு நாள்ல என்னை முன்னாடி பார்ல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவாரு. ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் நெல்லு. எதிர்ல குன்றத்தூர் முருகன் மலை. கொக்கு நின்னுக்கிட்டே இருக்கும், நாங்க கிட்டே போனாத்தான் பறக்கும். எனக்கு இன்னைக்கும் சந்தோசம்னா அந்தக் கரைதான் ஞாபகம் வரும்.

2005-ல பத்தாவது பாஸ் பண்ணேன். 342 மார்க். எங்க தெருவுல அன்னைக்கு அதுதான் பெரிய மார்க். பதினொண்ணாவது சேரணும்னா மேல்நிலைப் பள்ளிக்கு அஞ்சு கிலோமீட்டர் போகணும். பஸ் இருந்தா இருக்கும், இல்லன்னா இல்ல. "கரை மேல சைக்கிள்ல போயிட்டு வரேன்பா"ன்னு சொன்னேன். அப்பா ஒண்ணும் சொல்லல. பெரியப்பாவும் மாமாவும்தான், "வயசுக்கு வந்த புள்ள, ஆள் இல்லாத கரையில தனியா சைக்கிள்ல போறதா?"ன்னு கேட்டாங்க. அதோட என் படிப்பு முடிஞ்சுது.

இதுல வேடிக்கை என்ன தெரியுமா? 2001-2002-லயே நம்ம அரசாங்கம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் பொண்ணுங்களுக்கு பதினொண்ணாவதுல சைக்கிள் கொடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் பத்தாவது முடிச்ச அதே 2005-2006-லதான் அத மத்த பிள்ளைங்களுக்கும் கொடுக்க ஆரம்பிச்சாங்க. பள்ளிக்கூடம் தூரமா இருக்கிறதால பொண்ணுங்க படிப்ப நிறுத்தக் கூடாதுன்னுதான் அந்தத் திட்டமே. நான் சேர்ந்திருந்தா எனக்கும் ஒண்ணு கிடைச்சிருக்கும். சைக்கிள் வந்த வருசம் நான் வீட்டுல உக்காந்துட்டேன். சைக்கிள் மட்டும் இருந்தாப் போதாது, அது போறதுக்கு பயமில்லாத பாதையும் வேணும். இது எனக்கு அப்போ புரியல. இப்போ புரியுது.

கல்யாணம் ஆகி ஐயப்பன்தாங்கல் வந்தேன். இங்கே வந்தப்புறம் ஒருநாள் என் பொண்ணு, "அம்மா, தாங்கல்னா என்னம்மா?"ன்னு கேட்டா. எனக்குத் தெரியல. பக்கத்து வீட்டுப் பாட்டிதான் சொன்னாங்க. தாங்கல்னா சின்ன ஏரியாம். மழைத் தண்ணியத் தாங்கி நிறுத்துற இடம். வேடந்தாங்கல், பழவந்தாங்கல், ஈக்காட்டுதாங்கல் எல்லாம் அப்படி வந்த பேருதான். நம்ம பழைய செங்கல்பட்டு மாவட்டத்தையே ஏரி மாவட்டம்னு சொல்லுவாங்க. ஏரி இருந்தா கரை இருக்கும். கரை இருந்தா அதுமேல ஒரு ஒத்தையடிப் பாதை இருக்கும். நம்ம முன்னோருங்க ஒரு ஊர்ல இருந்து அடுத்த ஊருக்குப் போனதே கரை மேலதான். நாம ரோடு போட்டோம், கரைய மறந்துட்டோம்.

சரி, நான் எப்படி சைக்கிள் கத்துக்கிட்டேன்னு சொல்லணும்ல. நான் வீட்டுல ஜாக்கெட் தைக்கிறேன். தையல் மெஷின் வாங்கினது நம்ம குழுக் கடன்லதான். பரணிபுத்தூர், கெருகம்பாக்கம், கொளப்பாக்கம் பக்கம் எனக்கு வாடிக்கை இருக்கு. வாரத்துல மூணு நாள் துணி வாங்கவும் கொடுக்கவும் போகணும். ஷேர் ஆட்டோவுக்குப் போக வர 60 ரூபா ஆயிடும். ஒரு ஜாக்கெட்டுல நிக்கிற காசுல பாதி ஆட்டோவுக்கே போச்சு. நீங்க கேப்பீங்க, 2021 மே மாசத்துல இருந்து பொம்பளைங்களுக்கு பஸ் ஃப்ரீயாச்சேன்னு. அது எவ்வளவு பெரிய உதவின்னு நான் சொல்ல வேண்டியதில்ல. நம்மள்ல பல பேரு அதுலதான் வேலைக்குப் போறோம். ஆனா பஸ் மெயின் ரோட்டுல போகும். என் வாடிக்கைக்காரங்க வீடு மெயின் ரோட்டுல இல்ல. பஸ் விட்ட இடத்துல இருந்து ரெண்டு கிலோமீட்டர் உள்ளே நடக்கணும். அந்த ரெண்டு கிலோமீட்டர்தான் நம்ம எல்லாருக்கும் பிரச்சினை.

32 வயசுல கத்துக்கிட்டேன். சொல்லிக் கொடுத்தது என் பொண்ணு. அவ சித்தப்பாவோட பழைய சைக்கிள். சாயங்காலம் இருட்டினப்புறம், யாரும் பாக்காத நேரத்துல, காலி மனையில. "அம்மா கீழ பாக்காத, நேரா பாரு"ன்னு கத்துவா. நான் கீழதான் பாப்பேன். நேரா கருவேல முள்ளுக்குள்ள போய் விழுவேன். புடவை செயின்ல மாட்டிக் கிழிஞ்சுது. எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு, "இந்த வயசுல உனக்கு இது தேவையா?"ன்னாரு. பதினோராம் நாள் புடிக்காமலே இருபது அடி ஓட்டினேன். "நான் எப்பவோ விட்டுட்டேம்மா!"ன்னு பின்னாடி இருந்து கத்தினா. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

அப்புறம்தான் புதுக்கோட்டை கதை தெரிஞ்சுது. நம்ம கூட்டமைப்புப் பயிற்சிக்கு வந்த மேடம் ஒருத்தங்க சொன்னாங்க. 1990-களோட ஆரம்பத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்துச்சு. கலெக்டரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத். எழுத்துப் படிப்போட சைக்கிளும் சொல்லிக் கொடுக்கணும்னு சேர்த்தாங்க. கல்குவாரியில வேலை செய்யிற பொம்பளைங்க, கூலிக்குப் போறவங்க, அங்கன்வாடி டீச்சருங்க, கிராம நர்சுங்கன்னு பத்தாயிரக்கணக்கானவங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்து ஓட்டினாங்களாம். முன்னாடி பார் இருந்தா பிள்ளைய உக்கார வச்சுக்கலாம்னு அதையே விரும்பி வாங்கினவங்களும் உண்டாம். பி. சாய்நாத்னு ஒரு பத்திரிகையாளர் இத நேர்ல போய்ப் பாத்து எழுதி, வெளியூரெல்லாம் தெரிஞ்சுது. கேக்கும்போது எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எங்க அப்பா என்னை உக்கார வச்ச அதே பார்.

புதுக்கோட்டையில அப்போ ரோட்டுல வண்டி கம்மி. இங்கே அப்படியா? மவுண்ட் பூந்தமல்லி ரோட்டுல நீங்க ஒரு நாள் சைக்கிள்ல போய்ப் பாருங்க. தண்ணி லாரி, மண் லாரி, கம்பெனி பஸ், நடுவுல மெட்ரோ தூண். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு மழை நாள். ஒரு லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே என் தோளை ஒட்டிப் போச்சு. நான் பயந்து ஓரத்துல இருந்த மண் குவியல்ல சாஞ்சேன். முழங்கையில ஏழு தையல். தைச்சு வச்சிருந்த கல்யாண ஜாக்கெட் நாலும் சேத்துல. யாரு மேலயும் குத்தம் சொல்லல. அந்த ரோடு சைக்கிளுக்காகப் போட்ட ரோடே இல்ல. அன்னையில இருந்து நான் மெயின் ரோட்டுல சைக்கிள எடுக்கிறதில்ல. சந்து சந்தா சுத்திப் போறேன்.

அப்படிச் சுத்திப் போகும்போதுதான் ஒருநாள் கொளப்பாக்கம் தாண்டி ஆத்துக்கரைக்கு வந்து நின்னேன். அடையாறு. இருபது வருசம் கழிச்சு மறுபடியும் கரை. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் பல இடத்துல ஆத்தை அகலப்படுத்தி, கரைய பலப்படுத்தி இருக்காங்க. கரை மேல மண் பாதை. சைக்கிள ஏத்தினேன். எதிர்ல ஏர்போர்ட். ஒரு விமானம் தலைக்கு மேல இறங்குச்சு. தண்ணியில நாலு நாரை. காத்து வந்துச்சு. கொஞ்ச தூரம் போனதும் நாத்தமும் வந்துச்சு, அதையும் சொல்லணும். சாக்கடையெல்லாம் அங்கதான் விடுறாங்க. ஆனாலும் ஒரு லாரி கிடையாது, ஒரு ஹாரன் கிடையாது. அன்னைக்குத்தான் இந்த யோசனை வந்துச்சு.

அடையாறு எங்கெங்க போகுதுன்னு ஒரு நிமிசம் யோசிச்சுப் பாருங்க. திருநீர்மலை, அனகாபுத்தூர், கொளப்பாக்கம், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஈக்காட்டுதாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், அப்புறம் கடல். இது ஆறு போற வழி மட்டுமா? நம்ம பொம்பளைங்க வேலைக்குப் போற வழியும் இதுதான். மணப்பாக்கத்துல கம்ப்யூட்டர் கம்பெனியில ஹவுஸ்கீப்பிங் பாக்கிறவங்க நம்ம கூட்டமைப்புல எத்தனை பேரு? கிண்டி எஸ்டேட்டுக்குப் போறவங்க எத்தனை பேரு? நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை பக்கம் வீட்டு வேலைக்குப் போறவங்க எத்தனை பேரு? எல்லாரும் ஆத்துக்குப் பக்கத்துலயேதான் போயிட்டு வர்றோம். ஆனா ஆத்தப் பாக்காம, புகையில நின்னுக்கிட்டு.

இந்த மாதிரி எங்கேயாவது இருக்கான்னு கேட்டா, இருக்கு. என் தம்பி சிங்கப்பூர்ல எட்டு வருசம் கட்டட வேலை பாத்தான். அங்கே காலாங்னு ஒரு ஆறு. அந்த நாட்டுலயே நீளமான ஆறு அதுதான். நீளம் எவ்வளவுன்னா சுமார் 10 கிலோமீட்டர். நம்ம அடையாத்துல கால்வாசி. ஞாயித்துக்கிழமை லீவுல கூட்டாளிங்களோட சைக்கிள்ல அந்த ஆத்தோரம் போவானாம். வேலைக்குப் போறவங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க, வயசானவங்க, காய்கறிப் பை மாட்டினவங்கன்னு எல்லாரும் அதே பாதையில போவாங்களாம். நகரத்துக்குள்ள வேலைக்குப் போறவங்க நிக்காம போகட்டும்னு, பெரிய ரோடு குறுக்கே வர்ற இடத்துல அடியில சுரங்கப் பாதையும் மேல பாலமும் போடுறதுக்குத் திட்டம் போட்டாங்களாம். ஒரு தோட்டத்துல இருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போற இந்த மாதிரி பாதைக்கு அங்கே பார்க் கனெக்டர்னு பேரு. நாடு முழுக்க 300 கிலோமீட்டருக்கு மேல இருக்கு.

"அங்கெல்லாம் ஆறு சுத்தமா இருக்கும், நம்ம ஊர்ல நடக்குமா?"ன்னு நானும் அவன்கிட்ட கேட்டேன். அவன் சொன்னான், "அக்கா, அந்த ஆறும் ஒரு காலத்துல சாக்கடைதான்"னு. 1977-ல அந்த நாட்டுப் பிரதமர் லீ குவான் யூ, பத்து வருசத்துல சிங்கப்பூர் ஆத்தையும் காலாங் ஆத்து முகத்தையும் சுத்தம் பண்ணணும்னு சொன்னாராம். 1987-ல முடிச்சாங்க. பீஷான்னு ஒரு இடத்துல காலாங் ஆறு கான்கிரீட் வாய்க்கால்ல ஓடிட்டு இருந்துச்சு. அந்த 2.7 கிலோமீட்டர் கான்கிரீட்டை உடைச்சு எடுத்துட்டு, வளைஞ்சு வளைஞ்சு போற 3.2 கிலோமீட்டர் மண் ஆறா மாத்தினாங்க. 2012-ல திறந்தாங்க. மழை வந்தா தண்ணி பரவுறதுக்குப் புல்தரைய விட்டுட்டாங்க. தண்ணி ஏறினா சைரன் அடிக்கும், சிவப்பு விளக்கு எரியும், ஜனங்க மேல ஏறி வந்துடுவாங்க. இத ஏன் இவ்வளவு சொல்றேன்னா, பாதை போடுறோம்னு நாம ஆத்தைக் குறுக்கிடக் கூடாது. அதுதான் முக்கியம்.

2015 டிசம்பர் யாருக்கு மறக்கும்? 24 அடி ஆழமுள்ள செம்பரம்பாக்கம் ஏரியில இருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணி திறந்தாங்க. எங்க சித்தி மணப்பாக்கத்துல இருந்தாங்க. ராத்திரி மொட்டை மாடிக்கு ஏறினவங்க மூணாம் நாள்தான் இறங்கினாங்க. ரேஷன் கார்டு, நகை, என் சித்தப்பா போட்டோ எல்லாம் போச்சு. ஆத்துக்குள்ள சிமெண்ட் போட்டு, கம்பி வேலி போட்டு, ஓட்டல் கட்டி, அதுக்கு அழகுபடுத்துறதுன்னு பேரு வச்சா, அடுத்த வெள்ளத்துல அதுக்கு விலை நாமதான் கொடுப்போம். எனக்கு வேண்டியது கரை மேல கெட்டிச்ச மண் பாதை. கிராவல் போட்டு அமுக்கினாப் போதும். வெள்ளம் வந்து அரிச்சா திரும்பப் போட்டுக்கலாம்.

இன்னொண்ணும் சொல்லுவேன். ஆள் நடமாட்டம் இருக்கிற கரைக்குத்தான் பாதுகாப்பு. எங்க அப்பா தினமும் கரை மேல போனதால எலி வளை எங்கே, மண் எங்கே சரிஞ்சிருக்குன்னு முதல்ல பாத்துச் சொல்றவரு அவருதான். ஊர்ல உடனே மண்வெட்டி எடுத்துட்டுப் போவாங்க. இப்போ யாரும் போறதில்ல. குப்பை கொட்டுறவங்களும், ராத்திரி பாட்டிலோட உக்காருறவங்களும், லாரியில மண் அள்ளுறவங்களும்தான் போறாங்க. நல்லவங்க விட்ட இடத்துல கெட்டவங்க வந்து உக்காருவாங்க. நாம நூறு பொம்பளைங்க காலையிலயும் சாயங்காலமும் சைக்கிள்ல போனா, அவங்க தானா எழுந்து போயிடுவாங்க.

அரசாங்கமும் சும்மா இல்ல. அடையாத்தை அது பொறக்கிற இடத்துல இருந்து கடல் வரைக்கும் 44 கிலோமீட்டர் சீரமைக்க 1,500 கோடி ரூபா திட்டம்னு 2024 பட்ஜெட்ல சொன்னாங்க. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க. இது ஆத்துலயே போடுற பணம். அளந்து போட வேண்டியவங்க நாமதான். கோயம்புத்தூர்ல உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரையில ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல நடைபாதையும் சைக்கிள் பாதையும் போட்டாங்க. என் நாத்தனார் ஊருக்குப் போனப்போ பாத்தேன். அழகாத்தான் இருக்கு. சாயங்காலம் குடும்பம் குடும்பமா வர்றாங்க. ஆனா குளத்தைச் சுத்துற பாதை நம்மளக் கிளம்பின இடத்துலயே கொண்டு வந்து விடும். ஆத்தோரப் பாதைதான் ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குக் கொண்டு போகும். அழகு பாக்கவும் ஆகும், வேலைக்குப் போகவும் ஆகும். ரெண்டும் சேர்ந்தாத்தான் நமக்கு லாபம்.

அழகு பாக்கிறது மட்டம்னு நான் சொல்லல. நாம ஆம்பளைங்க மாதிரி டீக்கடையில உக்கார முடியுமா? சும்மா ஒரு இடத்துக்குப் போயிட்டு வந்தேன்னு வீட்டுல சொல்ல முடியுமா? கோயிலுக்குப் போனா பூ வாங்கிட்டு வரணும், கடைக்குப் போனா பால் வாங்கிட்டு வரணும். எதுக்கும் இல்லாம, நமக்கே நமக்குன்னு அரை மணி நேரம் எப்போ இருந்துச்சு? வேலைக்குப் போற வழியிலயே அந்த அரை மணி நேரம் கிடைச்சா, தனியா யாருகிட்டயும் கேக்க வேண்டாம். அந்தக் கரை மேல போகும்போது நான் பாட்டுக்கூட முணுமுணுக்கிறேன். வீட்டுல நான் பாடி யாரும் கேட்டதில்ல.

ஆனா ஒரு விசயத்துல நான் ரொம்பத் தெளிவா இருக்கேன். ஆத்தைச் சுத்தம் பண்றோம்னு சொன்னப்பல்லாம் கரையோரம் குடிசையில இருந்த குடும்பங்களத்தான் முதல்ல எடுத்தாங்க. 2015-க்கு அப்புறம் அடையாறு, கூவம் ஓரத்துல இருந்து எத்தனையோ குடும்பங்கள பெரும்பாக்கத்துக்கு அனுப்பினாங்க. பிள்ளைங்க படிப்பு பாதியில நின்னுச்சு, பொம்பளைங்க வீட்டு வேலை போச்சு. சிங்கப்பூர்லயும் ஆத்தைச் சுத்தம் பண்ணப்போ ஆயிரக்கணக்கான குடும்பங்கள மாத்தினாங்கதான். வெள்ளம் வர்ற இடத்துல யாரும் இருக்கக் கூடாது, சரி. ஆனா ஒருத்தி வேலைய இழந்து, அந்த இடத்துல இன்னொருத்தி சைக்கிள் ஓட்டினா அந்தப் பாதை நமக்கு வேண்டாம். மாத்தினாலும் பக்கத்துலயே வீடு கொடுத்து மாத்தணும். இதையும் சேர்த்துத்தான் நாம கேக்கணும்.

சரி, யாருகிட்ட கேக்கிறது? ஆறும் கரையும் நீர்வளத் துறையோடது. ஊராட்சி மட்டும் நினைச்சா நடக்காது. நடுவுல ஏர்போர்ட் இருக்கு. அதோட ரெண்டாவது ஓடுபாதையே ஆத்து மேல பாலம் கட்டிப் போட்டதுதான். அந்த இடத்துல சுத்தித்தான் போகணும். இதெல்லாம் எனக்குத் தெரியாம இல்ல. 44 கிலோமீட்டரையும் ஒரே நாள்ல கேக்கல. குன்றத்தூர்ப் பக்கம் கால்வாய்க் கரையில இருந்து கொளப்பாக்கம் வரைக்கும் முதல்ல போடட்டும். பாத்தா மத்த ஊர்க்காரங்க தானா கேப்பாங்க.

வருசத்துக்கு ஆறு தடவை கிராம சபை நடக்குது. அதுல ஒண்ணு மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். தண்ணி தினத்துல தண்ணிக் கரைய பத்திப் பேசாம வேற எப்போ பேசுறது? கிராம சபையில நாம போய் உக்காந்து, கையெழுத்து மட்டும் போட்டுட்டு வர்றது போதும். இந்தத் தடவை ஒரு தீர்மானம் கொண்டு போவோம். நான் எழுதி வச்சிருக்கிறத வாசிக்கிறேன்.

ஒண்ணு. கரை மேல சைக்கிளும் நடக்கிறவங்களும் மட்டும் போற பாதை. ரெண்டு பக்கமும் கல் நட்டு, மோட்டார் வண்டி ஏறாம பாத்துக்கணும்.

ரெண்டு. ராத்திரி எட்டு மணிக்கு ஷிப்டு முடிஞ்சு வர்ற பொம்பளைக்கும் ஆகுற மாதிரி விளக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டுற கேட்டு வேண்டாம். பூட்டுற பாதை பூங்காதான், வழி இல்ல.

மூணு. ஒவ்வொரு ஊருக்கும் கரையில இருந்து இறங்குற வழி. நடுவுல ஏதாவது ஒண்ணுன்னா இறங்கி ஓட இடம் வேணும். முடிஞ்ச இடத்துல பொம்பளைங்களுக்குக் கழிப்பறை.

நாலு. ஆத்துக்குள்ள கான்கிரீட் வேண்டாம். கரையோட வெளிப் பக்கத்துல புங்கை, பூவரசு, நாவல் நடட்டும். செடி நடுறதும் தண்ணி ஊத்துறதும் நம்ம குழுக்களே எடுத்துச் செய்யலாம். சாக்கடை விடுற குழாய முதல்ல அடைக்கணும். மூக்கைப் பொத்திக்கிட்டுப் போற பாதைக்கு அழகு ஒண்ணும் இல்ல.

அஞ்சு. கரையோரத்துல இருக்கிறவங்கள அவங்க சம்மதம் இல்லாம, தூரத்துக்கு அனுப்பக் கூடாது.

ஆறாவது தீர்மானம் அரசாங்கத்துக்கு இல்ல, நமக்கு. நம்ம கூட்டமைப்புல உள்கடன் மாடு வாங்கக் கொடுக்கிறோம், மாவு மெஷின் வாங்கக் கொடுக்கிறோம். சைக்கிள் வாங்கவும் கொடுக்கணும். எனக்கு வாரத்துல மூணு நாள், ஆட்டோவுக்கு மாசம் 700 ரூபாக்கு மேல போச்சு. இப்போ அந்தக் காசுதான் என் கடன் தவணையக் கட்டுது. ரெண்டு வருசமா ஒரு தவணைகூட நான் தள்ளிப் போடல. கணக்கு நோட்டு ஊக்குநர் அக்காகிட்ட இருக்கு, நீங்க பாக்கலாம். சைக்கிளுக்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டீங்களே, இதுதான்கா சம்பந்தம்.

ஓட்டத் தெரியாதவங்க யாரும் வெக்கப்படாதீங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காலி மனைக்கு வாங்க. நான் பின்னாடி புடிச்சுக்கிறேன். போன வாரம் 51 வயசுல ஒரு அக்கா வந்தாங்க. ரெண்டு தடவை விழுந்தாங்க. மூணாவது தடவை எழுந்து, புடவையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, "விடாத, விடாத"ன்னு சொல்லிக்கிட்டே ஓட்டினாங்க. நான் எப்பவோ விட்டுட்டேன்.

கடைசியா ஒரு வார்த்தை. என் பொண்ணு இப்போ பத்தாவது. வர்ற வருசம் பதினொண்ணாவது போவா. அவளுக்கு அரசாங்க சைக்கிள் வரும். நான் வாங்காம விட்ட சைக்கிள். எங்க தெருவுலயே போன வருசம் வந்த சைக்கிள் மூணு, மாடிப்படிக்கு அடியில துருப் புடிச்சுக் கிடக்கு. பொண்ணுங்கள ரோட்டுல அனுப்ப அம்மாங்களுக்கு பயம். அந்த பயம் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கே முழங்கையில தழும்பு இருக்கு. ஆனா பாதை இல்லங்கிற ஒரே காரணத்துக்காக என்னை ஒரு தடவை வீட்டுல உக்கார வச்சாங்க. என் பொண்ணை நான் உக்கார வைக்க மாட்டேன்.

மார்ச் 22 கிராம சபைக்கு எல்லாரும் வாங்க. வர்றவங்க சைக்கிள்லயே வாங்க. நாம அத்தனை பேரு சைக்கிள நிறுத்தினா, எதுக்கு வந்திருக்கோம்னு பேசாமலே புரியும்.